நாலு நாலாக எண்ணியவர்

ஹொரேஸ் அட்டிங் போன மாதம் லோவெஸ்டாஃப்ட் மருத்துவமனையில் இறந்தார். வயது அறுபத்தெட்டு. ஹெர்ரிங் மீன் பிடிப்பது அவருடைய தொழில். இரண்டாம் உலகப் போரின்போது மட்டும் நான்கு வருடம், எதிரி கடலில் போட்ட வெடிகளை அகற்றும் கண்ணிவாரிக் கப்பலில் இருந்தார்.

கப்பல் என்பது மரியாதைக்குச் சொல்வது. கொஞ்சம் பெரிய மரப்படகு, அவ்வளவுதான். கடலடியில் கிடக்கும் காந்தக் கண்ணிக்கு மரம் தெரியாது, இரும்புதான் தெரியும். படகின் பின்னால் நீளமாக மிதக்கும் வடத்தில் மின்சாரம் பாய்ச்சினால், இரும்புக் கப்பல் வந்துவிட்டதென்று ஏமாந்து கண்ணி தூரத்திலேயே வெடித்துவிடும். ஆனால் பல தடவை பேசாமல் கிடந்துவிட்டுப் பிறகு வெடிக்கிற கண்ணிகளும் இருந்தன. ஆகவே ஒரே பாதையைப் பதினைந்து முறை வார வேண்டும் என்று உத்தரவு.

எத்தனை முறை ஆயிற்று என்று பலகையில் சுண்ணக்கட்டியால் கோடு போடுவது ஹொரேசின் வேலை. ஹெர்ரிங்கை, கைக்கு இரண்டாக, நாலு நாலாகத்தான் எண்ணுவார்கள். அவர் கையும் அப்படியே போடும்: மூன்று கோடு, குறுக்கே நாலாவது. இளம் அதிகாரி பெல்ஹாம் இரண்டு முறை சொல்லியிருந்தார்.

"அட்டிங், கடற்படையில அஞ்சு அஞ்சாத்தான். இது மீன் சந்தை இல்ல."

"சரிங்க சார்."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று மார்ச்சில் ஒரு காலை, பன்னிரண்டு முறை முடிந்ததும் ஹொரேஸ் கோக்கோ குடிக்கக் கீழே போனார். காவல் மாறி பெல்ஹாம் வந்தார். பலகையில் மூன்று கட்டுக் கோடு; அஞ்சு அஞ்சாக எடுத்துக்கொண்டார். பதினைந்து.

கீழே இருந்த ஹொரேசுக்கு வடம் சுருட்டும் இயந்திரத்தின் இரைச்சல் கேட்டது. இப்போது ஏன் சுருட்டுகிறார்கள் என்பது உடனே புரிந்துவிட்டது. அன்று அந்தப் பாதையில் வரவிருந்த பன்னிரண்டு நிலக்கரிக் கப்பல்களில் ஒன்றில் அவருடைய அண்ணன் கிளெம் இருந்தார். அப்படியிருந்தும் ஹொரேஸ் குவளையில் மீதியிருந்ததைக் குடித்து முடித்த பிறகுதான் எழுந்து மேலே போனார். அதை மனைவி ஐவியிடம் மட்டும், ஒரே ஒரு முறை, சொல்லியிருக்கிறார்.

"சார், அது பதினஞ்சு இல்ல. பன்னெண்டு."

பெல்ஹாம் பலகையைத் திரும்பிப் பார்த்தார். "பாதை சுத்தம்னு செய்தி அனுப்பிட்டேனே!"

"நாலு நாலாப் போட்டுட்டேன் சார். மீன் எண்ற மாதிரி."

கப்பல் தலைவர் தர்ட்டிலும் மீன்பிடிக்காரர்தான். பலகையைப் பார்த்தவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"ஏண்டா, ஹெர்ரிங்னா சந்தை வழக்கப்படி நூறுக்கு நூத்து முப்பத்திரண்டு எண்ணிக் குடுப்பே. இங்க மட்டும் மூணு குறைச்சுட்டியா? சார், விளக்குல செய்தி காட்டுங்க. எல்லாக் கப்பலும் நின்ன எடத்துலயே நங்கூரம் போடட்டும். டேய், வடத்தை எறக்குங்கடா!"

பதின்மூன்று. பதினான்கு. பதினைந்து. எதுவும் வெடிக்கவில்லை. ஒன்றாவது வெடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும், காக்க வைத்ததற்கு ஒரு அர்த்தம் இருக்கும் என்று ஹொரேசுக்குத் தோன்றியது. படகில் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். தண்டனையாக, தினமும் கிடைக்கும் ரம் இரண்டு வாரத்துக்கு அவருக்கு நிறுத்தப்பட்டது.

பிறகு நிலக்கரிக் கப்பல்கள் ஒவ்வொன்றாகக் கடந்தன. கிளெம் கையில் ரொட்டியோடு ஓரத்தில் நின்று கத்தினார்.

"ஏய் ஹொரேசு! எல்லாரும் தூங்கிட்டீங்களாடா? ரெண்டு மணி நேரமா நங்கூரத்துல கெடந்தோம். எங்க பட்டாணி சூப்பு களியாப் போச்சு!"

ஹொரேஸ் கையை மட்டும் தூக்கினார். கடைசிக் கப்பல் போகும்வரை எண்ணினார். மூன்று நாலு, பன்னிரண்டு. சரியாக இருந்தது.

அவரை அடக்கம் செய்த பிறகு தேநீர் குடிக்கையில் கிளெம் அந்தக் காலையைப் பற்றித்தான் பேசினார்.

"போர்ல ஒரு நா எங்களை ரெண்டு மணி நேரம் காக்க வெச்சான் பாருங்க, சோம்பேறிப் பய. ஏண்டான்னு கேட்டா கடைசி வரைக்கும் வாயே தொறக்கல."

எல்லோரும் சிரித்தார்கள். எண்பதைத் தாண்டிய தர்ட்டில் மடியிலிருந்த தொப்பியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஐவி அவருடைய கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினாள்.