ஏரிக்கரையில் எஸ்தர் அக்கா போட்ட தாழ்ப்பாள்

எஸ்தர் அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் திண்டிவனத்தில் கேரவன் வண்டிக்கு டீசல் போட்டுக்கொண்டிருந்தேன். மறுநாள் ஏற்காடு சவாரி. "அம்மா போயிட்டாங்கண்ணா" என்று அவர் மகள் போனில் சொன்னாள். சவாரியை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளியனூர் போனேன். வாசலில் நம் ஓட்டுநர்கள் நீங்கள் எல்லோரும் நின்றிருந்தீர்கள். "அக்கா கை பட்டா வண்டி பளபளன்னு இருக்கும்" என்று பேசிக்கொண்டீர்கள். உண்மைதான். ஆனால் அந்தப் பளபளப்போடு அவரைப் புதைத்துவிட நான் சம்மதிக்க மாட்டேன்.

கண்டமங்கலம் பக்கம் கரும்பு வெட்டிக்கொண்டிருந்த அக்கா எங்கள் வண்டிக்கு உதவியாளாக வந்தார். வண்டிக்குள் படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உண்டு. வாடகைக்கு எடுப்பவர்கள் படுத்தபடியே மலையும் ஏரியும் பார்க்கலாம். அந்தக் கழிவறைக்குள் நாங்கள் மட்டும் போகக் கூடாது. எங்கும் எழுதாத சட்டம். ஆனால் அதன் கழிவுப்பெட்டியை இழுத்துத் தூக்கிக் கொட்டிக் கழுவுவது அக்காவின் வேலை. அந்த வேலைக்கு எந்தத் தெருவில் ஆள் தேடுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

சவாரியில் அக்கா தண்ணீரே குடிக்க மாட்டார். ஒருமுறை பாட்டிலை நீட்டினேன்.

"குடிச்சா எங்க போறது தம்பி? நீ வண்டிய ஓரங்கட்டிட்டு ரெண்டு நிமிஷத்துல வந்துருவ. நான் மானத்தத் தூக்கிக்கினு எங்க போவேன்?"

நான் சிரித்தேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

பிறகு கொடைக்கானல் மலையில் ஓர் ஏரிக்கரை. விடிந்தும் பனி விலகவில்லை. பைன் மரங்களுக்குள் ஒதுங்கப் போன அக்கா, காட்டெருமையைக் கண்டு விழுந்தடித்து ஓடி வந்தார். முழங்காலில் ரத்தம். வண்டியிலிருந்தவர்கள் ஜன்னல் வழியே எருமையைப் படம் எடுத்தார்கள். அக்கா நேராக வண்டிக்குள் ஏறிக் கழிவறைக் கதவைப் பிடித்தார்.

"இது எங்களுக்கு மட்டும்தாம்மா" என்றார் வண்டியை வாடகைக்கு எடுத்திருந்த பெண்மணி.

"கழுவறது நான்தாங்க. கழுவ ஆவுற ஆளு, போறதுக்கு ஆவ மாட்டனா?"

"பேஜாரு பண்ணாதக்கா, வேல போயிடும்" என்றேன்.

"போவட்டும். கரும்பு எங்கயும் ஓடிப் போவல. நீ ரோட்டப் பாத்து ஓட்டு."

அந்தப் பெண்மணியின் வீட்டுக்காரர் எங்கள் முதலாளிக்குப் போன் செய்தார். அக்காவை இறக்கிவிடச் சொன்னார் முதலாளி. அக்கா இறங்கினார். படிக்கட்டில் உட்கார்ந்து மடியிலிருந்த அவித்த மல்லாட்டைக் கடலையை உரித்துத் தின்ன ஆரம்பித்தார். அப்போது பெட்டி நிரம்பிவிட்டதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் இரண்டு கைகளையும் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டேன்.

"எனக்கு ஓட்டற வேலதான் சார்."

விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. கடைசியில் அந்தப் பெண்மணிதான், "போய்ட்டு வாங்க" என்றார். அக்கா உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டார். வெளியே வந்து நின்று மூச்சு விட்டார்.

"அப்பாடா! ஏரி இப்பதான் கண்ணுக்கே தெரியுது."

பெட்டியை அக்காவே இழுத்தார். "எல்லாரும் போனதுதான சார். அந்தப் பக்கம் நீங்க புடிங்க." வீட்டுக்காரர் மூக்கைப் பொத்தியபடி ஒரு கையால் பிடித்தார். "ரெண்டு கையும் குடுங்க சார், சிந்திடும்" என்றார் அக்கா.

அந்தச் சவாரிக்குப் பின் இரண்டு மாதம் அக்காவுக்கு வேலை இல்லை. வேறு ஆள் கிடைக்காமல் முதலாளியே கூப்பிட்டபோது, "கக்கூசு எல்லாருக்கும், பொட்டி தூக்க ஒரு ஆளு வரணும்னு மொத நாளே கஸ்டமருங்ககிட்ட சொல்லிடணும்" என்ற நிபந்தனையோடுதான் வந்தார்.

கடைசியில் சிறுநீரகம் கெட்டு இறந்தார். காரணம் என்னவென்று மருத்துவர் சொல்லவில்லை. குடிக்காமல் விட்ட தண்ணீர்தான் என்று நான் நினைக்கிறேன். நிரூபிக்க என்னால் முடியாது.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த நிபந்தனையை. கழிவறை வண்டியில் வரும் எல்லோருக்கும்; பெட்டி தூக்க வாடகைக்கு எடுத்தவர்களில் ஒருவர் வர வேண்டும்; ஒப்புக்கொண்டால்தான் வண்டியை எடுப்பேன். போன வாரம் ஒரு குடும்பம் கோபித்துக்கொண்டு இறங்கிவிட்டது. இறங்கட்டும். அவர்கள் தேடிப்போகும் அடுத்த வண்டியை ஓட்டுவதும் நம்மில் ஒருவர்தான். நீங்களும் இதையே சொல்லுங்கள்.