புல்லில் விழுந்த ஹுல்டா

எங்கள் மினசோட்டா ஊரில் ஹுல்டா பிராண்ட்வோல்டின் காமிரா முன்னால் நிற்காத ஆள் கிடையாது. கணவன் நிமோனியாவில் போனபின் ஸ்டுடியோவை அவளே நடத்தினாள். பிள்ளைகள் இல்லை.

கோடையில் ஊர் பேஸ்பால் அணியை மைதானத்தில் நிறுத்தி எடுப்பாள். தபால் அட்டை அளவிலேயே ஃபோட்டோத் தாள் விற்ற காலம் அது. கண்ணாடி நெகடிவை அதன்மேல் வைத்து அச்செடுத்தால் படமே அட்டையாகிவிடும். கேட்டவர்களுக்கு மட்டும் போட்டுக் கொடுப்பாள். பையன்கள் அதை அம்மாவுக்கும் காதலிக்கும் எழுதி அனுப்புவார்கள். போன இடத்தில் அடுப்படிச் சுவரில் கரியேறிக் கிழிந்துபோகும்.

ஸ்டுடியோவை மூடியபோது நெகடிவ்களைச் சுரண்டிக் கழுவி, அந்தக் கண்ணாடிகளாலேயே தக்காளிச் செடிகளுக்குக் குளிர் தாக்காமல் கூடாரம் போட்டாள். பக்கத்து வீட்டுக்காரி என்று நானும் கூடக் கழுவினேன்.

"இவனுங்க மூஞ்சிய இனிமே எவ கேட்டு வரப்போறா?" என்று சிரித்தாள்.

பல வருஷம் கழித்து ஒருவர் கேட்டு வந்தார். பிரூயிட், சிகாகோக்காரர், பழைய பேஸ்பால் அட்டைகள் சேர்ப்பவர். அவள் எடுத்த அட்டை ஒன்றை மேஜைமேல் வைத்தார்.

"இன்னொண்ணு இருக்குமா மேடம்? எங்க தேடியும் இது ஒண்ணுதான் கெடச்சுது."

"தக்காளிச் செடியத்தான் கேக்கணும்."

"நல்ல படம். ஆனா கீழ பாருங்க, எவனோ நெழல விழவிட்டுக் கெடுத்துட்டான்."

ஹுல்டா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். ஆட்டக்காரர்களின் காலடியில், புல்மேல், காமிரா முக்காலியும் அகலத் தொப்பியுமாக மெலிந்த பெண்ணுருவம் ஒன்று நீண்டு கிடந்தது.

"எவனோ இல்ல தம்பி. அது நான்."

அவர் காதுவரை சிவந்துபோனார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். அட்டையை உப்புக் குப்பியில் சாய்த்து வைத்து, சாப்பாடு முடியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அதைத் தர முன்வரவில்லை, அவளும் கேட்கவில்லை. பத்திரமாகப் பைக்குள் வைத்துக்கொண்டு ரயிலுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை, சர்ச்சுக்குப் போடும் உடுப்பில் என் கதவைத் தட்டினாள்.

"மார்த்தா, உங்க வீட்டுக் காமிரா வேல செய்யுதா?"

"செய்யுது. யார எடுக்கணும்?"

"என்னத்தான். கல்யாணத்துக்கு அப்புறம் என்னை ஒருத்தரும் எடுத்ததில்ல."

வாசற்படியில் நின்றாள். கையை எங்கே வைப்பது, எந்தப் பக்கம் பார்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஊரையே அதட்டி நிறுத்தியவள்.

எடுத்து முடித்ததும், "யாருக்கு அனுப்பப் போறே?" என்று கேட்டுவிட்டேன்.

படியிறங்கி வந்தாள்.

"நீயே வச்சுக்கோ," என்றாள்.