இடப்பக்கச் சொற்கள்

அவள் புதுச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் அவள் பரீட்சைக்குப் போட்டுக்கொண்டு போக, தையல்காரரான கணவர் அன்று மாலை தைத்து முடித்தது. ஒரு கை ஒழுங்காக மடித்துத் தைக்கப்பட்டிருந்தது. மற்றது வெட்டிய துணியாகவே பிசிறு விட்டுத் தொங்கியது. அவசரத்தில் விட்டுவிட்டார் என்று நினைத்து, பெட்டியை ஓட்டினாள்.

முதியோர் இல்லத்தில் நோயாளிகளைக் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்கவைப்பது அவள் வேலை. பாதியில் விட்ட பள்ளிப் படிப்பை முடித்தால் மேற்பார்வையாளர் ஆகலாம். மொழிப்பாடம்தான் படுத்தியது. கட்டுரையையும் வாழ்க்கை வரலாற்றையும் எப்படிப் படிப்பது என்று ஒரு பாடம்; அதற்கென்று ஒரு மூட்டைச் சொற்கள். புத்தகத்தில் இடப்பக்கம் சொல், வலப்பக்கம் பொருள். தினமும் சாயங்காலம் கணவர் ஒவ்வொரு சொல்லாகக் கேட்பார், அவள் பொருளைச் சொல்வாள்.

“கேளுங்க.”

“சரிபார்த்து உண்மை என்று காட்டக்கூடியது.”

“பொருளையே சொல்லிட்டா நான் என்னத்தைச் சொல்ல? சொல்லைக் கேளுங்க.”

“ஒருவர் நினைப்பது, இன்னொருவர் மறுக்கலாம்.”

“என்ன வாத்தியாரே, விடுகதை போடறீங்களா? நேத்து ஒழுங்காத்தானே கேட்டீங்க.”

“வேற புத்தகத்தைக் குடுத்திட்டு என்னைக் கேலி பண்றே. இதுல சொல்லே இல்லை. பொருள் மட்டும்தான் போட்டிருக்கான்.”

அவர் விளையாடினால் மீசை முதலில் துடிக்கும். துடிக்கவில்லை. பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அருகில் போய்ப் பார்த்தாள். அதே புத்தகம். தகவல், கருத்து, சான்று, ஊகம் எல்லாம் தடித்த எழுத்தில் இடப்பக்கம் வரிசையாக இருந்தன.

இல்லத்தில் ஜன்னலோரக் கட்டிலில் ஒருவர் இருக்கிறார். தலையில் ரத்தக்குழாய் அடைத்த பிறகு, தட்டில் வலது பாதியைத் தின்றுவிட்டு, மிச்சம் அப்படியே இருக்கும்போதே பசிக்கிறது என்பார். அவருடைய உலகத்தில் இடப்பக்கமே கிடையாது.

“ரெண்டு கையையும் நீட்டி, கண்ணை மூடுங்க.”

இடது கை மெல்லத் தாழ்ந்தது. அது தாழ்ந்தது அவருக்குத் தெரியவில்லை.

“கண்ணாடி மாத்தணும். கை அசதி. வேற ஒண்ணுமில்லை.”

“அது உங்க கருத்து. தையல் பாதி, படிப்பு பாதி, கை இறங்குது. இது தகவல்.”

“அப்போ ஊகம் என்னவாம்?”

அவள் இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தாள். “செருப்பைப் போடுங்க.”

“நாளைக்குப் பரீட்சை. எழுதிட்டு வா, அப்புறம் போவோம். நான் எங்கே ஓடிடப்போறேன்?”

“நாளைக்கு நான் உங்க இடப்பக்கம் நின்னா, நான் இருக்கேன்னே உங்களுக்குத் தெரியாது. கிளம்புங்க.”

வலது காலில் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தார். மற்றதை அவள் குனிந்து மாட்டிவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் எப்போதிருந்து என்று டாக்டர் கேட்டார்.

“மதியம் தட்டை முழுசாக் காலி பண்ணினார். சாயங்காலம் சட்டைக்கு ஒரு கைதான் தைச்சார்.”

அதற்குமேல் அவள் எதையும் சேர்க்கவில்லை. தலையைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். அடைப்புதான். சீக்கிரம் கொண்டுவந்தது நல்லது, எவ்வளவு திரும்பும் என்பதை இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். வெளியே பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான் புத்தகம் தன் அக்குளில் இருப்பதை அவள் கண்டாள். ஊட்டுவதும் துடைப்பதும் அவளுக்குப் பெரிய காரியமில்லை. அவருடைய இடது கையைப் பிடித்தால், பிடித்திருப்பது அவருக்குத் தெரியுமா? அந்தப் பயம்தான் அவளை உட்காரவும் விடவில்லை, எழவும் விடவில்லை.

மறுநாள் காலை, மற்றவர்கள் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த நேரத்தில், பையில் கிடந்த ஊசியில் சிவப்பு நூலைக் கோத்து, புத்தகத்தில் அந்தச் சொற்கள் இருந்த பக்கத்தின் இட ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை ஓட்டுத் தையல் போட்டாள். இல்லத்தில் ஜன்னலோரக் கட்டில்காரருக்கு இப்படி இட ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டுத்தான் படிக்கப் பழக்குகிறார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்திருந்த கணவருடைய இடப்பக்கம் போய் உட்கார்ந்தாள்.

“சிவப்பு நூலைத் தேடுங்க. அது கிடைச்ச பிறகுதான் படிக்கணும்.”

அவர் தலை கொஞ்சம் திரும்பி, நடுவழியில் நின்றது. அவள் உதவி செய்யவில்லை. இன்னும் கொஞ்சம் திரும்பியது.

“தக... தகவல்,” என்றார். “பொருள் சொல்லு.”

“நான் சொல்றேன். நீங்க அடுத்ததைத் தேடுங்க.”