ஏழு வீடுகளுக்குப் போன ஜாதகம்

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி இருபது நிமிடம். பெங்களூர் பீன்யாவில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் அன்று எனக்கு இரண்டாம் ஷிப்ட் என்பதால் வீட்டுத் தொலைபேசியை நான்தான் எடுத்தேன். என் மகளுக்கு வேலை கொடுத்திருந்த எலெக்ட்ரானிக் சிட்டி கம்பெனியிலிருந்து ஒரு பெண் பேசினார்.

"வேலைக்கு வரலைன்னு உங்க பொண்ணு மெயில் போட்டிருக்காங்க. கன்ஃபர்ம் பண்ணத்தான் கூப்பிட்டேன்."

மகள் திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டியவள். அந்த நேரத்தில் புதுச் சுடிதாருக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ரிசீவரைப் பிடுங்காத குறையாக வாங்கி, தான் எந்த மெயிலும் அனுப்பவில்லை என்று மூன்று முறை சொன்னாள். திங்கள் காலை நேரில் வந்து அதை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். அப்படியே போனாள், சேர்த்துக்கொண்டார்கள். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். என்னை உலுக்கியது வேறு.

வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. அல்சூரில் எங்கள் தெருமுனை பிரௌசிங் சென்டருக்கு இருவரும் ஓடினோம். அவளுடைய பாஸ்வேர்டை மெயில் ஏற்கவில்லை. யாரோ மாற்றியிருந்தார்கள். கடைக்காரர் பக்கத்தில் வந்து, பாஸ்வேர்டு மறந்தவர்களுக்கான பக்கத்தைத் திறந்தார். அது மூன்றே விஷயங்கள் கேட்டது: பிறந்த தேதி, வீட்டு பின்கோடு, பிறந்த ஊர். மகள் மூன்றையும் அடித்தாள். கதவு திறந்துகொண்டது.

"இவ்ளோதான் சார்," என்றார் கடைக்காரர். "ஹேக்கிங் கீக்கிங்னு பெருசா ஒண்ணும் இல்ல. இந்த மூணும் தெரிஞ்ச எவனும் உள்ள வரலாம். உங்க வீட்டு விஷயம் யாருக்குத் தெரியும்னு ஸ்வல்ப யோசனை பண்ணுங்க."

அனுப்பிய கடிதங்களில் அது இருந்தது. நல்ல ஆங்கிலத்தில் நான்கே வரி. திருமணம் நிச்சயமாகிவிட்டது, வேலைக்கு அனுப்ப அப்பாவுக்கு விருப்பமில்லை, மன்னிக்கவும்.

திரும்பி வரும்போது அவள் இரண்டடி முன்னால் நடந்தாள். வீட்டுப் படியில் நின்று கேட்டாள்.

"நீங்களாப்பா?"

"என்ன பேசற நீ? எனக்கு மெயில் திறக்கவே தெரியாதே!"

"தெரிஞ்சவங்கள வச்சுப் பண்ணியிருக்கலாம் இல்ல?"

யார் செய்தது என்று கண்டுபிடிக்காவிட்டால் என் மகள் ஆயுள் முழுக்க என்னைத்தான் நினைப்பாள் என்று மட்டும் புரிந்தது.

பூட்டிய கதவை இரண்டு முறை இழுத்துப் பார்ப்பவன் நான். ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுத்தால், மங்கலாக விழுந்த பிரதியையும் கேட்டு வாங்கிக் கிழித்துவிட்டுத்தான் கடையை விட்டு இறங்குவேன். அப்பேர்ப்பட்டவன் அந்த மூன்று விடைகளையும் என் கையாலேயே வெளியே கொடுத்திருந்தேன். வரன் பார்க்க நான் டைப் செய்த தாளின் மேல்பாதியில் ஜாதகம்: பிறந்த தேதி, நேரம், ஊர். கீழே பின்கோடோடு விலாசம். இந்தக் காலத்துக்கு அதுவும் வேண்டும் என்று தரகர் சொன்னதால் மெயில் முகவரி. இரண்டு மாதத்தில் ஏழு வீடுகளுக்கு அது போயிருந்தது.

சனிக்கிழமை ஏழு வீட்டுக்கும் போன் செய்தேன். காரணம் சொல்லாமல், ஜாதகத்தைத் திருப்பித் தரும்படி மட்டும் கேட்டேன். ஒருவர் தயங்கினார். இன்னொருவர் தேவைக்கு மேல் அன்பாகப் பேசினார். ஒரு வீட்டில் இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள். காத்திருந்தார்களோ என்று தோன்றியது. தரகர் சிரித்ததுகூட எனக்குப் பிடிக்கவில்லை. ஏழு பேரில் ஜெயநகர்க்காரர் மட்டும், "போன்ல வேணாம், நேர்ல வர்றோம்" என்றார்.

அதற்குள் மகள் பாஸ்வேர்டை மாற்றியிருந்தாள். பிறந்த ஊர் என்ற இடத்தில் வேறு ஏதோ ஊரை எழுதியதாக அவள் அம்மாவிடம் சொன்னது காதில் விழுந்தது. எந்த ஊர் என்று கேட்டேன்.

"அதை ஏன் உங்ககிட்ட சொல்லணும்?" என்றாள்.

சரியாகத்தான் செய்தாள். இப்போது நானும் அந்த மாதிரிக் கேள்விகளுக்கு உண்மையை எழுதுவதில்லை. ஆனால் அன்று அந்தப் பதில் சுட்டது.

ஞாயிறு காலை பதினொரு மணிக்கு ஜெயநகர்க்காரர் தனியாக வந்தார். மாநில அரசில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர், மகன் சாஃப்ட்வேரில். எங்கள் ஜாதகத்தை டீப்பாயின் மேல் வைத்தார், ஆனால் விரலை எடுக்கவில்லை. என் மனைவி காபி கொண்டு வந்தாள். மகள் சமையலறை வாசலில் நின்றாள்.

"எட்டுப் பொருத்தம் இருக்கு, எதுக்குங்க திருப்பிக் கேக்கறீங்க?" என்றார்.

வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொன்னேன். அவர் முகத்தில் அதிர்ச்சியே இல்லை.

"ஓ, அதுவா? என் பையன்தான் அனுப்பினான். ரெண்டு நிமிஷ வேலைன்னான்," என்றார். "இதுல தப்பு என்னங்க? 'என் பொண்ணை வேலைக்கு அனுப்பற உத்தேசம் இல்ல, அவகிட்ட சொல்றதுக்குத்தான் பயமா இருக்கு'ன்னு எங்க வீட்டு சோபால உக்காந்து நீங்கதானே சொன்னீங்க?"