நிகர எடை, நகர எடை

எடைமேடைக்கு மென்பொருள் எழுதுகிறவனின் தவறை முதலில் கண்டுபிடிப்பவர் லாரி டிரைவர். கடைசியில் கண்டுபிடிப்பவன் எழுதியவன். 'நேத்து ஓடுச்சே' என்று கம்ப்யூட்டர் முன்னால் ஒரு தடவையாவது முனகியவர்களுக்கு இது புரியும். மற்றவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

இரண்டாயிரங்களின் நடுவில், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு பேரிங் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. முதலாளி பரந்தாமன். புரோகிராம் எழுத நான். எழுதியதைத் தொழிற்சாலைகளுக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வர டில்லி. லாரி மேடையில் ஏறியதும் எடை பார்த்துச் சீட்டு அச்சடிக்கும் புரோகிராம்தான் எங்கள் பிழைப்பு.

பிழைகள்: 0

நாங்கள் புரோகிராம் எழுதப் பயன்படுத்திய டூலின் பழைய பதிப்பு, புதிதாக வந்த கம்ப்யூட்டர்களில் தகராறு செய்தது. முதலாளி புதுப் பதிப்பை வாங்கி வந்தார். என் பழைய வேலையைத் திறந்ததும், புது முறைக்கு மாற்றிக்கொள்ளட்டுமா என்று அது மரியாதையாகக் கேட்டது. சரி என்றேன். மாற்றி முடித்து ஓர் அறிக்கையை நீட்டியது. அதில் மஞ்சள் நிறத்தில் ஒரு வரி இருந்தது. சிவப்பாக இருந்திருந்தால் படித்திருப்பேன். மூடிவிட்டு, எழுதியதையெல்லாம் ஓடக்கூடிய புரோகிராமாகக் கட்டச் சொன்னேன். 'பிழைகள்: 0' என்று வந்தது.

எனக்கு அந்தப் பூஜ்யத்தில் நம்பிக்கை வரவில்லை. ஆனால் எனக்கு எதில்தான் சட்டென்று நம்பிக்கை வந்திருக்கிறது? அதனால் என் சந்தேகத்தை நானே பொருட்படுத்தவில்லை. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த முதலாளி சொன்னார்: "தப்பே இல்லன்னு அதுவே சொல்லுது நைனா, நீ இன்னாத்துக்கு மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு கீற?"

நகராத வண்டிகள்

எங்கள் பெரிய வாடிக்கையாளர் ஓர் இரும்பு உருட்டாலை. அங்கே எடைமேடையைப் பார்த்துக்கொண்டவர் பாஷா பாய், பழவேற்காட்டுக்காரர். டூல் மாறிய அடுத்த வாரம் அவர் இரண்டு புகார் சொன்னார். ஒன்று, முன்னால் போன லாரியின் காலி எடை சில சமயம் அடுத்த லாரியின் சீட்டிலும் ஒட்டிக்கொள்கிறது. இரண்டாவது சின்ன விஷயம்: சீட்டில் 'நிகர எடை' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'நகர எடை' என்று அச்சாகிறது. இரண்டும் பழைய புரோகிராமிலேயே இருந்த என் தவறுகள். இரண்டையும் திருத்தினேன். என் மேசையில் ஓட்டிப் பார்த்தேன், சரியாக இருந்தது. புரோகிராமை பென் டிரைவில் போட்டு டில்லியிடம் கொடுத்தனுப்பினேன்.

டில்லி போட்டுவிட்டுத் திரும்பி வருவதற்குள் பாஷா பாயின் போன் வந்துவிட்டது. ஒன்றும் மாறவில்லையாம். காலி எடையை அடித்துவிட்டுக் கையால் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறதாம், லாரி வரிசை கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்துவிட்டதாம். எழுத்துப் பிழையாவது போயிற்றா என்று கேட்டேன். "நகர எடைன்னுதான் சார் இன்னும் வருது, ஆனா ஒரு வண்டியும் நகரல" என்றார்.

மூன்று நடை

அந்த வாரம் டில்லி மூன்று நடை போய்வந்தான். மூன்று முறையும் என் மேசையில் 'நிகர' என்று வந்தது, ஆலையில் 'நகர' என்று வந்தது. நடுவில் இருந்தது டில்லி மட்டும்தான். வேறென்ன முடிவுக்கு வர முடியும்? இப்படித்தான் எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

டில்லி பெரியபாளையம் பக்கம். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகப்போகிறது. அந்தச் சனிக்கிழமையோடு சோதனைக் காலம் முடிந்து, வேலை நிரந்தரமா இல்லையா என்று முதலாளி சொல்ல வேண்டும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் வெள்ளிக்கிழமை காலை, அவன் இருக்கும்போதே முதலாளியிடம் சொன்னேன்: பழைய ஃபைல் மேல் புது ஃபைலை ஒழுங்காகக் காப்பி செய்யக்கூட இவனுக்குத் தெரியவில்லை. சத்தம் போடவில்லை, நிதானமாகத்தான் சொன்னேன். அதனால்தான் எடுபட்டது. அப்படியானால் திங்கட்கிழமையிலிருந்து வேறு ஆள் பார்க்கலாம் என்றார் முதலாளி. டில்லி பென் டிரைவை என் மேசையில் வைத்தான். "நீங்க குடுத்ததத்தான் சார் போட்டேன், என் கைல இன்னா கீது?" என்றான்.

மெதுவான கை

அன்று மதியம் நானே ஆலைக்குப் போனேன். பாஷா பாய் தன் நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு நின்றார். பழைய புரோகிராமை அழித்தேன், பென் டிரைவிலிருந்து புதியதைப் போட்டேன், கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்து எழுப்பினேன். எல்லாம் டில்லிக்குத் தெரியாதென்று நான் சொன்ன வேலைகள். மேடையில் நின்ற லாரிக்குச் சீட்டு எடுத்தேன். நகர எடை.

ஜன்னலுக்கு வெளியே டிரைவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுபடியும் அழித்து, மறுபடியும் போட்டேன். மறுபடியும் நகர. அப்போதுதான் ஃபைலின் தேதியைப் பார்க்கத் தோன்றியது. டூல் மாற்றுவதற்கு முந்தைய தேதி. டில்லி மூன்று முறையும் சுமந்துகொண்டு வந்தது, நான் கொடுத்தனுப்பிய பழைய ஃபைலைத்தான். பாஷா பாய் என் தோளுக்கு மேலிருந்து திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "டில்லியும் இதேதான் சார் பண்ணாரு, நீங்க கொஞ்சம் மெதுவா பண்றீங்க."

பெயர் மட்டும்

இதை விளக்க வேண்டும். கட்டி முடித்த புரோகிராமை எந்த ஃபோல்டரில் வைக்க வேண்டும் என்று டூலிடம் சொல்ல, முழு முகவரியையும் எழுதத் தேவையில்லை. ஒரு சுருக்கப் பெயர் வைத்தால் போதும். அதற்கு மேக்ரோ என்பார்கள். பழைய டூலில் அப்படியொரு பெயரை நான்தான் வைத்திருந்தேன். புது டூலுக்கு அந்தப் பெயர் தெரியவில்லை. தெரியவில்லை என்று சண்டை போட்டிருந்தால் பிழைத்திருப்பேன். பெயருக்குள் ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொண்டு, ஃபோல்டர் இல்லாமல், புதிய புரோகிராமை சி டிரைவின் வாசலிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தது. என் மேசையில் டூல் அதைத்தான் எடுத்து ஓட்டிக் காட்டியது. பென் டிரைவுக்குக் காப்பி செய்ய நான் எழுதி வைத்த நாலு வரிக் கட்டளையோ, பழைய ஃபோல்டரில் கிடந்த பழைய ஃபைலை ஒவ்வொரு முறையும் விசுவாசமாக எடுத்துக் கொடுத்தது. அலுவலகத்துக்குத் திரும்பியதும், மூடிவிட்ட அறிக்கையைத் தேடித் திறந்தேன். அந்த மஞ்சள் வரி இதைத்தான் சொல்லியிருந்தது.

சரிசெய்யப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. முதலாளியிடம் போய், டில்லி மேல் தப்பில்லை, டூல் மாறியதில் வந்த கோளாறு என்று சொன்னேன். அவரும் ஒத்துக்கொண்டார், டில்லியின் வேலை தங்கியது. எனக்கு ஒரு பெரிய காரியம் செய்த திருப்திகூட வந்தது. படியிறங்கும்போது டில்லி மொபெட்டைத் துடைத்துக்கொண்டு நின்றான். விஷயம் அதற்குள் தெரிந்திருந்தது. "டூல் மேல போட்டீங்களா, நல்லது சார், அது ஊட்டுக்குப் போயி யாருக்கும் பதில் சொல்லத் தேவயில்ல" என்றான்.

மறுபடியும் மாடி

குத்திக்காட்டினானா, உண்மையாகவே நல்லதென்று நினைத்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பாதிப் படியிலேயே திரும்பினேன். பிறகு மேலே ஏறி, அறிக்கையைப் படிக்காமல் மூடியது நான், தேதி பார்க்காமல் கொடுத்தனுப்பியது நான், டில்லி மேல் பழி போட்டதும் நான் என்று முதலாளியிடம் சொன்னேன். டில்லியையும் கூப்பிட்டுவைத்துத்தான் சொன்னேன், காலையில் அவன் இருக்கும்போது சொன்னதால். பெரிதாக ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தேன். முதலாளி கணினியிலிருந்து தலையைத் திருப்பாமல் சொன்னார்: "சரி நைனா, டில்லி புதுச எடுத்துக்கினு போவட்டும், நிகர வந்துச்சான்னு பாயக் கேளு."

வந்தது. 'பிழைகள்: 0' என்று அந்த டூல் அன்று சொன்னது பொய்யில்லை, என்னை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.