அனுமதி வாங்காத அமீபா

"என் லேபுக்குள்ள என் அனுமதி இல்லாம ஒரு அமீபாகூட வாலாட்ட முடியாது" என்று விஞ்ஞானி அம்மா ஒருமுறை அறிவித்தார். அமீபாவுக்கு வாலே கிடையாது என்பதை அப்போது யாரும் சுட்டிக்காட்டவில்லை. அறிவிப்பு வெளியான இடம் வீட்டுச் சாப்பாட்டு மேசை. கேட்டவர்கள் இரண்டே பேர்: கணவர், கணவரின் தங்கை. கணவர் தட்டிலிருந்து தலையை எடுக்காமலே ஆமோதித்தார். இல்லற வாழ்வில் அவர் தேர்ச்சி பெற்ற ஒரே பாடம் அது.

எந்த உடம்பையும் அண்டாமல் தண்ணீரில் தன் பாட்டுக்குத் திரியும் அமீபாக்கள்தான் அம்மாவின் துறை. பெரும்பாலானவை பரம சாது. சில மட்டும் சந்தர்ப்பம் வாய்த்தால் மனிதரின் கண்ணிலோ மூளையிலோ கைவரிசையைக் காட்டிவிடும். அந்தச் சிலரைத் தேடித்தான் அவருடைய இளமை போயிற்று. தேனிலவில் அருவியைக் கண்டதும் கணவர் கேமராவை எடுத்தார். இவர் கைப்பையிலிருந்து குப்பியை எடுத்தார். உறவினர் வீட்டில் தண்ணீர் கொடுத்தால் தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். வெறுங்கண்ணுக்கு அமீபா தெரியாது என்று அவருக்குத் தெரியாதா என்ன? பழக்கதோஷம்.

அவர் வேலை செய்யும் முறை எளிது. தண்ணீரை மெல்லிய வடிதாளில் வடித்து, அந்தத் தாளை ஒரு தட்டில் உறைந்த கூழின்மேல் வைப்பார். கூழின்மேல் பாக்டீரியா பூசியிருக்கும், அதுதான் விருந்து. அமீபா இருந்தால் தின்றுகொண்டே நகரும். தின்ற வழி மைக்ராஸ்கோப்பில் தடமாகத் தெரியும். கூடவே, வடிக்கும் கருவியை அலசும் தண்ணீரை மட்டும் வடித்த இன்னொரு தட்டும் வைக்க வேண்டும் என்பது விதி. அதில் ஒன்றும் முளைக்கக் கூடாது. முளைத்தால் திருடன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான் என்று அர்த்தம். மேற்படி அறிவிப்புக்குப் பிறகு அந்தத் தட்டை அவர் நிறுத்திவிட்டார். சொந்த வீட்டுக்கே நன்னடத்தைச் சான்றிதழ் கேட்பதா?

அதன்பிறகு கண்டுபிடிப்புகள் குவிந்தன. பூங்கா நீரூற்றில் அமீபா, மருத்துவமனைத் தொட்டியில் அமீபா, நகர நீச்சல்குளத்தில் அமீபா. அதிசயம் என்னவென்றால் எல்லாமே ஒரே இனம். 'ஊரையே ஆளும் ஒற்றை அமீபா' என்று ஆய்வுக்கட்டுரை மனதுக்குள் தடபுடலாகத் தயாராகிக்கொண்டிருந்தது. அவருடைய அறிக்கையைப் பார்த்த சுகாதார அதிகாரி நீச்சல்குளத்தைப் பூட்டினார்.

அந்தக் குளத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுப்பவள், சாட்சாத் நாத்தனார்.

"அண்ணி, போட்டி நெருங்கிடுச்சு. பிள்ளைங்க தரையில குப்புறப் படுத்துக் கையக்கால உதைச்சுப் பழகுதுங்க. பாக்கறவங்க வலிப்புன்னு ஓடி வர்றாங்க."

"கண்ணு போச்சுன்னா போட்டிய யாரு பாக்கறது?"

"நாங்க கொட்டற குளோரின்ல என் முடியே செம்பட்டையாயிடுச்சு. உங்க ஆளுக்கு மட்டும் ஒண்ணும் ஆகாதா?"

"அது கூடு கட்டிச் சுருண்டு படுத்துக்கும். குளோரினுக்கெல்லாம் அசையாது."

"அண்ணா, நீயாவது வாயத் திறயேன்!"

அண்ணன் திறந்தார், ஒரு கவளத்தைப் போட்டு மூடிக்கொண்டார்.

மறுவாரம் நாத்தனார் ஒரு பாட்டிலோடு ஆய்வுக்கூடத்துக்கு வந்தாள். "கடைசியா ஒரே ஒரு தடவை பாத்துடுங்க அண்ணி." பார்த்தார். தட்டில் தடம் விழுந்ததும் அவளை அழைத்து வெற்றிப் புன்னகையோடு சொன்னார்: "இதுலயும் இருக்கு! ஊர்வலமே போகுது. எங்க எடுத்த, ஆழமான பக்கமா?"

"உங்க சமையல்கட்டுல எடுத்தேன் அண்ணி. தளபுளன்னு கொதிச்ச தண்ணி. பாட்டிலையும் சேத்தே வேகவெச்சேன்."

கொதிநீரில் அமீபா பிழைக்காது, கூட்டுக்குள் சுருண்டாலும் பிழைக்காது என்று ஊருக்கெல்லாம் சொல்லிவந்தவரே அவர்தான். பார்வை மெல்ல நகர்ந்து, அலமாரி மேலிருந்த பிளாஸ்டிக் கேனில் நின்றது. எல்லா ஊர்த் தண்ணீருக்கும் முன்னும் பின்னும் கருவியை அலசிய கேன். எழுந்து போய் அதன் குழாய் வாயை விரலால் தடவினார். வழவழவென்று ஒரு படலம், கிருமிகள் குடித்தனம் நடத்தும் படலம்.

கேனைத் தூக்கிப் போட்டுவிட்டு, 'குளம் இப்போது சுத்தமாகிவிட்டது' என்று ஒரு வரி எழுதினால் கதை முடிந்தது. குளம் திறந்தால் போதும், நாத்தனார் காரணம் கேட்கப்போவதில்லை. கட்டுரையும் பிழைத்துக்கொள்ளும். அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மேசையில் அறிவிப்பு எதுவும் வெளியாகவில்லை.

மறுநாள் அவரே குளத்துக்குப் போய் மூலைக்கு மூலை தண்ணீர் எடுத்தார். கேனைத் தொடாமல், புதிதாகக் கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரில் கருவியை அலசினார். குளத்துக்கு ஒரு தட்டு. கேனுக்கு ஒரு தட்டு. தடம் விழும் நாள் வந்ததும் நாத்தனாரையும் சுகாதார அதிகாரியையும் வரவழைத்தார்.

"இது குளம், பாருங்க சார்."

அதிகாரி ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "ஒண்ணுமே இல்லையேம்மா."

விஞ்ஞானி அம்மா தட்டை மாற்றினார்.

"ஐயையோ!" அதிகாரி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "திருவிழாக் கூட்டமா இருக்கு! இது எந்த இடம்? உடனே பூட்டியாகணும்!"

நாத்தனார் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி கோட்டுப் பையில் கையை விட்டு, ஆய்வுக்கூடத்தின் சாவியை எடுத்து அதிகாரியின் முன்னால் வைத்தார்.