சிவப்பில் வந்த தவணை

அன்று தோல் மண்டி ஆபீஸில் இருந்தது மூன்று பேர்: கேஷியர் பாய், நான், எடை போடும் சேவுகம்பட்டிக்காரர். மேசைமேல் இரண்டு புத்தகங்கள் விரித்துக் கிடந்தன. ஒன்று புதிதாகப் புரோகிராம் எழுதப் பழகுகிறவர்களுக்கானது. மற்றது எக்செல்லில் வட்டியும் தவணையும் போடக் கற்றுத்தருவது. இனிமேல் கணக்கெல்லாம் கம்ப்யூட்டரில்தான் என்று முதலாளி சொல்லிவிட்டதால் பாய் வாங்கி வந்தவை. இரண்டும் சேர்த்து அறுநூற்று நாற்பது ரூபாய். “பாதி உன்னோடது அப்பு. இப்ப வேணாம், படிச்சு முடிச்சுட்டுக் குடு” என்றிருந்தார். எட்டாம் வகுப்போடு நின்றுபோனவனை நம்பி அப்படிச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

புரோகிராம் புத்தகத்தில் நான் நான்காம் பாடத்தைத் தாண்டவில்லை. ‘இப்படி இருந்தால் இதைச் செய், இல்லையென்றால் அதைச் செய்’ என்று எழுதும் பாடம் அது. என் தலைக்குள் ராப்பகலாக ஓடுவதும் அதுதான். பஸ் வராவிட்டால், காய்ச்சல் வந்தால், வேலை போய்விட்டால்... புத்தகத்திலாவது அது ஓரிடத்தில் முடிகிறது.

பாயின் மகளுக்கு நர்சிங் சீட் கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் மூன்று லட்சம் கட்ட வேண்டும். பேங்கில் கடன் வாங்கலாம். இல்லையென்றால் குடியிருக்கும் வீட்டுக்கு ஒத்தியாகக் கொடுத்திருந்த பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு, வீட்டைக் காலி செய்யலாம். எது தாங்கும் என்று எக்செல் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துப் பாய் கம்ப்யூட்டரில் ஒற்றை விரலால் தட்டினார். சம்பளம், வீட்டுச் செலவு, அதற்குக் கீழே கடன் சூத்திரம். “ரெண்டு பேரும் கலெக்டர் ஆயிட்டா இந்தத் தோல யாருய்யா தூக்குறது?” என்று சேவுகம்பட்டிக்காரர் வாசலில் நின்று சிரித்தார்.

கட்டத்தில் எண் வந்தது. ஐயாயிரத்து நூற்று முப்பத்தேழு. சிவப்பில், முன்னால் கழித்தல் குறியோடு. எங்கள் பேரேட்டில் சிவப்பு மைக்கு ஒரே அர்த்தம்தான்: துண்டு விழுகிறது. நான் முந்திக்கொண்டேன். “வேணாம் பாய். எல்லாம் போக மாசாமாசம் இம்புட்டு துண்டு விழுதுன்னு காட்டுது. எங்க போயி அடைப்பீங்க?” பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நீ பயந்தவன் அப்பு. நீ பாத்துச் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்.”

ஒத்திப் பணம் கல்லூரிக்குப் போனது. குடும்பம் பழனி ரோட்டில் ஊரைத் தாண்டி ஒற்றை அறை வாடகை வீட்டுக்குப் போனது.

ஒரு மாதம் கழித்து எக்செல் புத்தகத்தில் அந்தச் சூத்திரத்துக்கு அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். கையை விட்டுப் போகிற பணத்தை இந்தச் சூத்திரம் சிவப்பில், கழித்தலாகத்தான் காட்டும் என்று போட்டிருந்தது. அது துண்டு இல்லை, வெறும் மாதத் தவணை. செலவு போகப் பாய்க்கு ஏழாயிரம் மிஞ்சிக்கொண்டிருந்தது. கட்டியிருக்கலாம். அந்த வீட்டிலேயே இருந்திருக்கலாம்.

சொல்லிவிடத்தான் போனேன். அவர் வீட்டம்மா தண்ணீர் லாரிக்குக் குடங்களோடு நின்றிருந்தார். “வாங்க தம்பி, கடுங்காப்பிதான் இருக்கு, குடிப்பீங்கள்ல?” என்றார். குடித்துவிட்டு, சும்மா பார்க்க வந்தேன் என்று சொல்லித் திரும்பிவிட்டேன்.

மகள் இப்போது மதுரையில் நர்ஸ். பாய் வேலையை விட்டுவிட்டார். வாடகை வீடு அப்படியே இருக்கிறது, வாடகைதான் ஏறிக்கொண்டே போகிறது. மண்டிக் கணக்கு முழுக்க இன்று நான்தான் போடுகிறேன். சிவப்பில் ஓர் எண் வந்தால் இன்னும் மூன்று தடவை கூட்டிப் பார்க்கிறேன். பயந்து பயந்தே அலுத்துப்போய்விட்டது. போன வாரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது பாய் கேட்டார்: “அந்தப் புஸ்தகத்த முடிச்சிட்டியா அப்பு?”

“இன்னும் இல்ல பாய்.”

“மெதுவாப் படி. காசு எங்க ஓடிப் போவுது?”

அதே மேசையில் அதே புத்தகம் கிடக்கிறது. ஆபீஸில் நான் மட்டும். பணம் சட்டைப் பையில்தான் இருக்கிறது. கொடுத்தால், அந்தப் பக்கத்தை நான் படித்துவிட்டேன் என்று ஆகிவிடும். பாய்க்கு நான் தர வேண்டியது முந்நூற்று இருபது ரூபாய்.